காகத்தையும் எண்ணுக

நெல்லை அளந்து காண்பர். பொன்னை நிறுத்துக் காண்பர். மரக்கிளைகளில் வாழும் புள்ளினத்தை எண்ணிக் காண்பார் யார்? பரந்த நம் நாட்டின் பறவைகளையெல்லாம் அறிஞர் சிலரே சென்று எண்ணிவிடுதல் இயலாது. ஆதலின், இத்தகைய பணியில் பொதுமக்களும் பங்குகொள்கின்றனர். இதனைக் 'குடிமக்கள் அறிவியல்' என்பர்.

இம்முறை புதியதன்று. கிறிஸ்துமஸ் நாளில் பறவைகளைச் சுட்டு வீழ்த்திப் போட்டியிடும் வழக்கம் அமெரிக்காவில் இருந்தது. அதற்கு மாற்றாக, அவற்றைக் கொல்லாது எண்ணும் வழக்கத்தைப் பிராங்க் சாப்மன் என்னும் பறவையியலார் 1900-ஆம் ஆண்டில் தொடங்கிவைத்தார். அன்று அவ்வாறு எண்ணியவர் 27 பேரே ஆவர்.

இந்தியாவிலும் ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்களில் கல்லூரி, பல்கலைக்கழக வளாகங்களில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. மரச்சோலையும் குளமும் புல்வெளியும் அமைந்த வளாகம் பல வகைப் பறவைகளுக்கு உறைவிடம். ஆண்டுதோறும் அதனைச் சுற்றிப் பார்க்க மாணவர் பலர் உளர்.

அவர்கள் காலையிலேயே சிறு குழுக்களாகப் புறப்படுவர். குறைந்தது 15 நிமிடமேனும் ஓரிடத்தில் நின்றோ நடந்தோ, கண்ணாற் கண்டனவும் குரலால் அறிந்தனவுமாகிய பறவைகள் அனைத்தையும், ஒவ்வொன்றன் எண்ணிக்கையோடு குறித்துக்கொள்வர். இடம், நேரம், நடந்த தொலைவு ஆகியவற்றையும் சேர்த்து 'இ-பேர்ட்' என்னும் இணையத்தளத்தில் பதிவு செய்வர். வழக்கத்துக்கு மாறான பறவை ஒன்று குறிக்கப்பட்டிருப்பின், வல்லுநர் அதற்குப் படமோ விளக்கமோ கேட்டு ஆராய்வர்.

"நாள்தோறும் காணும் காகத்தையும் எழுத வேண்டுமோ?" என்று புதிய மாணவர் வினவுதல் இயல்பு. கட்டாயம் எழுத வேண்டும். முழுப் பட்டியல் என்று அளித்த ஏட்டில் காகம் இல்லையேல், அவ்விடத்தில் அன்று காகமே காணப்படவில்லை என்றன்றோ ஆய்வாளர் கொள்வர்? கண்டதை விடுதலும், காணாததைச் சேர்த்தலும் ஒருங்கே குற்றமாம்.

இதன் பயனை அறியச் சான்றுகள் உள. சிட்டுக்குருவி நாடெங்கும் மறைந்துவருகிறது என்று பலர் கருதினர். 15,500-க்கும் மேற்பட்டோர் அளித்த ஒரு கோடிக்கும் மிகுந்த பதிவுகளைக் கொண்டு, 2020-இல் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்னும் அறிக்கை வெளிவந்தது. நாடு முழுவதையும் நோக்க, குருவியின் தொகை ஏறத்தாழ நிலையாகவே உள்ளது என்றும், பெருநகரங்களில் குறைந்துள்ளது என்றும் அது காட்டியது. 2023-இல் வந்த அடுத்த அறிக்கையோ, எவரும் கவலைப்படாதிருந்த பனங்காடை 12 ஆண்டுகளில் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்ததெனத் தெரிவித்தது. மின்கம்பியில் அமர்ந்திருக்கும் அந்நீலப் பறவையைப் பார்த்தவர் பலர். அவருட் சிலர் ஒவ்வொரு முறையும் எழுதிவைத்ததனாலேயே அதன் குறைவு வெளிப்பட்டது.

அரியதைக் காப்பதில் ஊக்கம் கொள்வார் பலர். எளியது குறைவதை உணர்வார் சிலரே. கூர்ந்த நோக்கும், கண்டதைக் கண்டவாறே எழுதும் வாய்மையும் உடைய மாணவர், தம் பள்ளி மரத்தடியிலிருந்தும் இத்தொண்டினைச் செய்யலாம். அவர் எழுதும் ஏட்டின் முதல் வரி காகமாகவே இருப்பினும் இழுக்கன்று.