மண்ணும் உரிமையும்

பாண்டியரின் முத்துத் துறைமுகமாய் விளங்கிய கொற்கையில் இன்று நாம் காண்பது வயலும் வாழையுமே. தாமிரபரணி கொணர்ந்த வண்டல் கடலைப் பல கிலோமீட்டர் அப்பால் தள்ளிவிட்டது. அந்த மண்ணே இன்று இவ்வூருக்குச் சோறு.

அதைப் பேணுபவர் யார்? அடுத்த ஆண்டு நிலம் தம் கையில் இருக்குமோ என அஞ்சும் குத்தகை உழவர், குளத்து வண்டலை வண்டி வண்டியாக வயலுக்கு அடிப்பாரா? பலன் முழுதும் கிட்டச் சில போகம் ஆகுமே!

சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் (1955), குத்தகையை ஒழுங்காகச் செலுத்துவோரை வெளியேற்றத் தடை விதித்தது. நிலத்தைப் பாழாக்குவோருக்கு அப்பாதுகாப்பு இல்லை. 1969ஆம் ஆண்டுச் சட்டம் அவர்தம் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வழிசெய்தது. வாய்ச்சொல் குத்தகையோ வழக்கென்று வந்தால் துணை நிற்பது அரிது.

ஆகவே மாணவியரே, நம் வீட்டார் குத்தகைக்கு உழுதால், பெயர் பதிவாகியுள்ளதா எனக் கேட்போம்; இல்லையேல், கற்ற நாமே மனு எழுதித் தருவோம்.