டி.ஓ.வும் மாஜிஸ்திரேட்டும்

கேள்வி: "அந்தக் காலத்தில் டி.ஓ.தான் மாஜிஸ்திரேட்" என்று தாத்தா சொல்வார். உண்மையா?
– வாசகர், புக்கிட் பெருந்துங்

பதில்: உண்மைதான். பிரிட்டிஷ் ஆட்சியில் நில வரியும் வழக்கு விசாரணையும் டி.ஓ. எனும் மாவட்ட அதிகாரி கையில்தான் இருந்தன. ஒப்பந்தக் கூலியாக வந்த தமிழர் தோட்டத்தை விட்டு ஓடினால் குற்றம். பிடிபட்டால் சிறையும் உண்டு. துரைமாருடன் கிளப்பில் உட்காரும் அதிகாரியிடம் ஒரு கூலிக்காரர் எப்படி நியாயம் கேட்பார்? அந்த ஒப்பந்த ஆள்சேர்ப்பு 1910-இல்தான் நின்றது.

இன்று டி.ஓ. வேறு, மாஜிஸ்திரேட் வேறு. கைதான குடிமகனை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தச் சொல்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது விதி. அதற்குமேல் தடுத்துவைக்க அவர் உத்தரவு வேண்டும். அங்கே வாய் திறந்து பேசுங்கள். அடி வாங்கியிருந்தால் காட்டுங்கள், வக்கீல் வேண்டுமென்று கேளுங்கள்.