மார்கழி விடியலில் காஞ்சிக்குப் போகிறீர்களா?

வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு விடியற்காலையில் கிளம்பும்போது, நடைபழகும் குழந்தைக்குத் தடித்த ஸ்வெட்டர் ஒன்றை மட்டும் மாட்டிவிடாதீர்கள். மெல்லிய உடுப்புகளாக இரண்டு மூன்று அடுக்கே நல்லது. நடுவில் தங்கும் காற்றுதான் உடல்சூட்டைக் காக்கிறது. வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம்.

காஞ்சிக்குப் போய்ப் பட்டுப்பாவாடை கட்டாமல் மனசு ஆறாதுதான். ஆனால் சரிகை பிஞ்சுத் தோலை உறுத்தும். உள்ளே முழுக்கைப் பருத்தி பனியன், கீழே லெக்கின்ஸ், அதன்மேல் பட்டு. நாடாவை இறுக்க வேண்டாம். உங்கள் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

கோயிலுக்குள் செருப்பு கிடையாது. கருங்கல் தரை அந்நேரத்தில் சில்லென்று இருக்கும். சாக்ஸோடு நடக்கவிட்டால் வழுக்கும், ஈரமும் ஏறும். இடுப்பில் தூக்கிக்கொள்ளுங்கள். மாற்று சாக்ஸ் பையில் இருக்கட்டும்.

குளிர்கிறதா என்று அறியக் கை, காலைத் தொட்டுப் பார்த்தால் ஏமாந்துபோவோம். அவை எப்போதுமே சற்றுச் சில்லென்றுதான் இருக்கும். பிடரியைத் தொடுங்கள். வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றி, நனைந்த பனியனை உடனே மாற்றுங்கள். பஸ்ஸில் தூங்கிவிட்டால் சால்வையோ குல்லாயோ மூக்கையும் வாயையும் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.