கோடு போட்டுக் கட்டிய பட்டறை

மத்தியப் பிரதேசத்தில் நர்மதை ஆறு ஓடுகிறது. ஆற்றங்கரையில் கரிசல் மண். மழைக்காலத்தில் அங்கே சோயா விதைப்பார்கள். குளிர்காலத்தில் கோதுமை விதைப்பார்கள். உழவு, விதைப்பு, அறுவடை எல்லாவற்றுக்கும் டிராக்டர் வேண்டும்.

அங்கே ஒரு சிறு நகரம். நகரத்தில் டிராக்டர் விற்கும் கடை ஒன்று உண்டு. கடைக்குப் பின்னால் பழுது பார்க்கும் பட்டறை. நான்கு கம்பம். மேலே தகரம். கீழே மண் தரை. அதுதான் பட்டறை.

அந்தப் பக்கத்தில் மெக்கானிக்கை 'மிஸ்திரி' என்பார்கள். தலைமை மிஸ்திரியை 'உஸ்தாத்' என்பார்கள். முதலாளியை 'சேட்ஜி' என்பார்கள்.

ஒரு மழை நாள்

விதைப்பு நேரம். மழை விட்டு விட்டுப் பெய்தது. பட்டறையில் ஒரு டிராக்டர் ஜாக்கியின் மேல் நின்றது. இளைய மிஸ்திரி ஒருவர் அதன் அடியில் கால் நீட்டி உட்கார்ந்து வேலை செய்தார்.

ஈரத் தரை இளகியது. ஜாக்கி ஒரு பக்கமாகப் புதைந்தது. டிராக்டர் சரிந்தது. இளைய மிஸ்திரியின் கால் அதில் சிக்கி முறிந்தது.

அவர் நான்கு மாதம் படுக்கையில் கிடந்தார். வீட்டில் அடுப்பு எரிய அவர் மனைவி கூலி வேலைக்குப் போனார். மகனின் படிப்பு நின்றது.

எழுந்து நடந்தபோது அவர் கால் சற்றே நொண்டியது. கனமான வேலை செய்ய முடியவில்லை. ஆனால் அவர் ஓய்ந்து உட்காரவில்லை. இரவில் எழுத்தறிவு மையத்துக்குப் போனார். எழுதப் படிக்கக் கற்றார். எண்களும் கற்றார். உதிரி பாகங்களின் எண்ணைப் படித்து எடுத்துக் கொடுக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது.

சேட்ஜியின் வரைபடம்

மூன்று ஆண்டுகள் சென்றன. சேட்ஜி புதிய பட்டறை கட்ட முடிவு செய்தார். ஒரு வரைபடம் போட்டு எடுத்து வந்தார்.

"உஸ்தாத், இதைப் பாருங்கள். கொட்டகை 60 அடி நீளம். ஒரு டிராக்டருக்கு 10 அடி அகலம். ஆறு டிராக்டர் நிறுத்தலாம். ஆறு வேலை நடக்கும்" என்றார்.

உஸ்தாத் படத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இளைய மிஸ்திரி மெல்லக் கேட்டார்: "சேட்ஜி, தவறாக நினைக்க வேண்டாம். இதைத் தரையில் கோடு போட்டுப் பார்க்கலாமா? காகிதத்தில் கோட்டை அழித்துவிடலாம். சுவரை அழிக்க முடியாதே!"

சேட்ஜி சிரித்தார். "சரி, போடுங்கள்" என்றார்.

தரையில் ஒரு பட்டறை

மறுநாள் காலை எல்லோரும் காலி மனைக்குப் போனார்கள். கயிறு, அளவு நாடா, சுண்ணாம்புப் பொடி எடுத்துக்கொண்டார்கள். வரைபடத்தில் உள்ளபடியே தரையில் கோடு போட்டார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இரண்டு டிராக்டர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"இப்போது பின் சக்கரத்தைக் கழற்றுவோம்" என்றார் உஸ்தாத்.

டிராக்டரின் அகலம் 6 அடி. கட்டத்தின் அகலம் 10 அடி. இரு பக்கமும் 2 அடிதான் மிச்சம். பின் சக்கரம் மிகவும் கனம். அதைத் தூக்க முடியாது. பக்கவாட்டில் இழுத்துத்தான் எடுக்க வேண்டும். அந்த இடத்தில் ஆளும் நின்றாக வேண்டும், சக்கரமும் வெளியே வந்தாக வேண்டும். முடியவில்லை.

"பக்கத்து டிராக்டரை நகர்த்தினால்தான் இந்தச் சக்கரம் வரும். அது பிரித்துக் கிடந்தால் எப்படி நகர்த்துவது? ஆறு இடம் இருக்கும். ஆனால் ஆறு வேலை நடக்காது" என்றார் உஸ்தாத்.

கூட்டிப் பாருங்கள்

பிறகு அவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். கிளட்ச் மாற்ற வேண்டுமானால் டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். அதற்கும் இடம் வேண்டும்.

நீளம்:
டிராக்டர் 12 அடி
பிரித்து நகர்த்த 4 அடி
முன்னால் ஆள் நிற்க 4 அடி
பின்னால் ஆள் நிற்க 4 அடி
மொத்தம் 24 அடி

அகலம்:
டிராக்டர் 6 அடி
இடப் பக்கம் 4 அடி
வலப் பக்கம் 4 அடி
மொத்தம் 14 அடி

நீளத்திலும் அகலத்திலும் ஓர் அடி கூட்டிக்கொண்டார்கள். ஓர் இடம் 25 அடி நீளம், 15 அடி அகலம் என்று ஆனது. 60 அடிக் கொட்டகையில் நான்கு இடம்தான் வந்தது.

சேட்ஜியின் முகம் வாடியது. "இரண்டு இடம் போய்விட்டதே!" என்றார்.

"போகவில்லை சேட்ஜி. ஆயில் மாற்றுவதற்கும் வடிகட்டி மாற்றுவதற்கும் பெரிய இடம் வேண்டாம். வாசலுக்கு வெளியே தாழ்வாரம் இறக்குங்கள். இரண்டு டிராக்டர் அங்கே நிற்கட்டும். சின்ன வேலை வெளியே, பெரிய வேலை உள்ளே" என்றார் உஸ்தாத்.

இளைய மிஸ்திரிக்கும் ஒரு கணக்கு இருந்தது. பழைய பட்டறையில் உதிரி பாக அறை தூரத்தில் இருந்தது. போக 80 அடி எடுத்து வைக்க வேண்டும். வர 80. ஒரு பெரிய வேலைக்கு 12 முறை போய் வந்தார்கள். அவர் அதை எண்ணி எழுதி வைத்திருந்தார். 160-ஐ 12-ஆல் பெருக்கினால் 1,920.

"ஒரு வேலைக்கு இத்தனை நடை! அந்த நேரமெல்லாம் வீண். உதிரி பாக அறையைக் கொட்டகையின் நடுவில் வையுங்கள்" என்றார். சேட்ஜி பேனாவை எடுத்தார். படத்தை அவரே திருத்தினார்.

தரை உறுதியாக இருக்க வேண்டும்

கரிசல் மண் மழையில் உப்பும். வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் நேராகத் தளம் போட்டால் தளமும் வெடிக்கும். ஆகவே கரிசல் மண்ணை ஆழமாக வெட்டி எடுத்தார்கள். கிராவல் மண்ணை அடுக்கு அடுக்காகக் கொட்டி இடித்தார்கள். அதன் மேல் கம்பி கட்டி, 6 அங்குல கனத்துக்குக் கான்கிரீட் போட்டார்கள்.

தளம் உறுதியானால் மட்டும் போதாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு அல்ல. தூக்கிய பிறகு இரும்புத் தாங்கிகளை அடியில் வைக்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். பிறகுதான் கீழே கை வைக்க வேண்டும். தாங்கிகள் நான்கு இடத்திலும் கைக்கு எட்டும்படி வைக்கப்பட்டன. தேடி அலையும்படி இருந்தால் யாரும் அவற்றை எடுக்கமாட்டார்கள்.

காற்று, வெளிச்சம், நெருப்பு

அங்கே கோடையில் மேற்கிலிருந்து அனல் காற்று வீசும். அதற்கு 'லூ' என்று பெயர். அதனால் மேற்குப் பக்கம் சுவர் எழுப்பினார்கள். வாசல்களை வடக்குப் பக்கம் வைத்தார்கள். கூரையில் இடையிடையே வெளிச்சம் புகும் தகடுகள் போட்டார்கள்.

எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டு. அதற்கு நிறம் இல்லை. மணமும் இல்லை. மூடிய அறையில் எஞ்சினை ஓட்டினால் மயக்கம் வரும். உயிரும் போகலாம். ஆகவே புகையை வெளியேற்ற நீண்ட குழாய் பொருத்தினார்கள்.

பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும்போது ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு தீப்பொறி பட்டாலும் அது வெடிக்கும். அதனால் பாட்டரி அறை ஒரு கோடியில், வெல்டிங் மறு கோடியில். பாட்டரி அறைச் சுவரின் உச்சியில் காற்றுத் துளைகள் வைத்தார்கள். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தீ பரவும். அதற்காக மணல் வாளிகளையும் தீயணைப்புக் கருவியையும் வாசல் அருகே மாட்டினார்கள்.

எண்ணெய் எங்கே போகும்?

சேறு படிந்த டிராக்டரை முதலில் கழுவ வேண்டும். கழுவும் மேடை வெளியே கட்டப்பட்டது. அந்தத் தண்ணீரில் எண்ணெய் இருக்கும். அப்படியே விட்டால் மண் கெடும். கிணற்று நீரும் கெடும்.

ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்கள். எண்ணெய் மிதக்கும். இதை வைத்தே ஒரு தொட்டி கட்டினார்கள். தொட்டியின் நடுவில் தடுப்புச் சுவர். சுவரின் அடியில் மட்டும் வழி. தண்ணீர் அடி வழியாக அடுத்த அறைக்குப் போகும். எண்ணெய் மேலேயே தங்கிவிடும். அதை அள்ளித் தனிப் பீப்பாயில் சேர்த்தார்கள். பழைய எஞ்சின் ஆயிலுக்கு வேறு பீப்பாய் வைத்தார்கள். பழைய ஆயிலை அரசு அனுமதி பெற்ற சுத்திகரிப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும்.

காத்திருப்பவருக்கும் இடம்

உழவர்கள் தொலைவிலிருந்து வருவார்கள். முன்பு வேப்ப மரத்தடியில் குந்தியிருப்பார்கள். இப்போது நிழலான அறை, குடிநீர், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை எல்லாம் கட்டினார்கள். அறையில் ஒரு பெரிய ஜன்னல். அதன் வழியே தங்கள் டிராக்டரில் நடக்கும் வேலையைப் பார்க்கலாம். சுவரில் கூலிப் பட்டியல் எழுதிய பலகை.

வேலை முடிந்ததும் ஒரு சீட்டு தருவார்கள். செய்த வேலை, போட்ட பாகம், ஆன செலவு எல்லாம் அதில் இருக்கும்.

விதைப்பு வந்தது

ஜூன் மாதம் பிறந்தது. மழை தொடங்கியது. புதிய பட்டறையின் தளத்தில் ஈரம் இல்லை. ஒரு பெரியவரின் டிராக்டர் கிளட்ச் போய் வந்தது. முன்பென்றால் இடம் கிடைக்கவே மூன்று நாள் ஆகும். அன்று காலையில் பிரித்தார்கள். மறுநாள் மாலையில் டிராக்டர் தயார்.

இளைய மிஸ்திரி சீட்டை நீட்டினார். பெரியவர் வழக்கம்போல் கட்டை விரலை நீட்டினார்.

"காகா, முதலில் படிப்போம். பிறகு கையெழுத்து" என்றார் இளைய மிஸ்திரி. இருவரும் வரி வரியாகப் படித்தார்கள்.

"வடிகட்டி ஒன்று என்று போட்டிருக்கிறதே! வடிகட்டி மாற்றவில்லையே, பையா?" என்றார் பெரியவர்.

வேறு ஒருவர் கணக்கு தவறி இதில் ஏறியிருந்தது. சேட்ஜி அதை அடித்துத் திருத்தினார். பெரியவர் தம் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். டிராக்டரை ஓட்டிக்கொண்டு வயலுக்குப் போனார்.

நினைவில் வையுங்கள்

கட்டுவதற்கு முன் அங்கே வேலை செய்பவர்களைக் கேளுங்கள்.
தரையில் கோடு போட்டு அளந்து பாருங்கள்.
ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள்.
படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

தெரிந்துகொள்ளுங்கள்

பண்ணை இயந்திரப் பயிற்சிக்கு மத்திய அரசின் நிலையங்கள் உள்ளன. முதல் நிலையம் 1955-ல் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் தொடங்கியது. அரியானாவில் ஹிசார், ஆந்திரத்தில் கார்லதின்னே, அசாமில் பிஸ்வநாத் சாரியாலி ஆகிய இடங்களிலும் நிலையங்கள் உண்டு. உழவர்களும் இளைஞர்களும் அங்கே பயிற்சி பெறலாம்.

கலந்து பேசுங்கள்

1. ஆறு இடம் இருந்தும் ஆறு வேலை ஏன் நடக்காது?
2. இளைய மிஸ்திரிக்குப் படிப்பு எப்படி உதவியது?
3. உங்கள் ஊரில் பழைய ஆயிலை எங்கே கொட்டுகிறார்கள்?
4. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் எதை மாற்றினால் ஆபத்து குறையும்? ஐந்து வரி எழுதுங்கள்.