கலைமேடை கற்பிக்கும் பாடம்



நவராத்திரிக் கலைநிகழ்ச்சிக்குப் பிள்ளைகளைப் பழக்கும் காலம் வந்தால் எமக்குள் இரண்டு பேச்சுகள் தவறாமல் எழும். "எங்கடை பிள்ளைக்கு ஏன் பெரிய பாத்திரம் தரேல்லை?" என்பது ஒன்று. "ஒன்பதாம் வகுப்புக்கு வந்திட்டான், இனிப் படிப்பைப் பாக்கட்டும்" என்பது மற்றது. இவ்விரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு பழைய செய்திகள் இரண்டை இம்முறை படிப்போம். ஒன்று நாம் வாழும் லைப்சிக் நகருக்கு உரியது. மற்றது எமது மண்ணுக்கு உரியது.

லைப்சிக் தோமஸ் தேவாலயத்துச் சிறுவர் பாடகர் குழு 1212ஆம் ஆண்டு தொடங்கியது. 2012இல் தனது 800ஆவது ஆண்டைக் கொண்டாடியது. இசைமேதை யோகான் செபஸ்தியான் பாக் 1723இல் அதன் பொறுப்பை ஏற்று, 1750இல் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். அவர் 1730 ஆகஸ்ட் 23ஆம் திகதி நகரசபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். கணக்கெழுதிப் பழகிய எமது கண்ணுக்கு அது ஓர் இருப்புக் கணக்குப் போலவே தெரிகிறது. ஒவ்வொரு குழுவிலும் குரலுக்கு மூவராகக் குறைந்தது 12 பேர் வேண்டும், ஒருவருக்குச் சுகமில்லாமற் போனாலும் பாட்டு நிற்கக்கூடாது, 16 பேர் இருந்தால் இன்னும் நல்லது என்கிறார். வாத்தியக்காரர் 18 பேராவது வேண்டியிருக்க, நகரசபை வைத்திருந்தது 8 பேரை. பின்னர் மாணவர்களை மூன்றாகப் பிரிக்கிறார்: பயன்படக்கூடியவர் 17, இன்னும் பயன்படும் நிலைக்கு வராதவர் 20, உதவாதவர் 17.

மூன்றாவது நிரல் எமக்குப் பிடிக்கவில்லை. மேதைதான், ஆனாலும் அது அலுத்துப்போன வாத்தியாரின் எழுத்து. நடு நிரலைக் கவனியுங்கள். "இன்னும் வரவில்லை" என்று ஒரு நிரலை அவர் வைத்திருந்தார். எம்மிற் பல பெற்றோரிடம் இரண்டு நிரல்கள்தான் உண்டு: கெட்டிக்காரப் பிள்ளை, சரிவராத பிள்ளை. தொழிற்சாலைக் கணக்கிலேகூடச் செய்து முடியாத சரக்குக்கு ஒரு பெறுமதி போட்டு ஐந்தொகையிற் காட்டுகிறோம். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த மதிப்பையாவது கொடுக்கவேண்டாமா?

இன்னொன்றும் உண்டு. அக்காலத்தில் அந்தப் பாடசாலை மாணவர்களே நான்கு தேவாலயங்களிற் பாடவேண்டும். கடினமான இசையைப் பாட முடியாதவர்கள் பேதுரு தேவாலயத்துக்குப் போய் எளிய பாட்டைப் பாடினார்கள். உதவாதவர் என்று எழுதப்பட்டவருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒரு கடமை இருந்தது.

இன்றும் அக்குழுவில் 9 வயது முதல் 18 வயது வரையான ஏறத்தாழ 100 சிறுவர்கள் ஒரே விடுதியில் வாழ்கிறார்கள். பெரியவர்கள் சிறியவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். குரல் உடையும் வயதிற் சில காலம் பாட முடியாது. பிறகு ஆண்குரலோடு திரும்பி வருகிறார்கள். எமது பையன்கள் அதே வயதிற்தான் பண்ணிசை வகுப்பை விட்டுப் போகிறார்கள். குரல் திரும்பி வரும்போது அவர்களைக் கூப்பிட எவரும் இருப்பதில்லை.

இனி எமது கூத்துக்கு வருவோம். மட்டக்களப்பிற் கூத்துப் பழகத் தொடங்குமுன் "சட்டம் கொடுத்தல்" என்றொரு நிகழ்வு உண்டு. அண்ணாவியார் ஆளின் உயரம், குரல், உடற்கட்டு யாவும் பார்த்து, இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று பாட்டெழுதிய ஏட்டைக் கையிற் கொடுப்பார். கொடுத்ததை வாங்கி ஆடுவதே முறை. மாதக்கணக்காகப் பழகியபின் சதங்கை அணிவித்து, இறுதியில் வட்டக்களரியில் விடியும்வரை ஆடுவார்கள். ஆடுகிறவர் பாடி முடித்த வரியைப் பிற்பாட்டுக்காரர் எடுத்துப் பாடுவார். அந்த நேரத்திற்தான் ஆடுகிறவருக்கு மூச்சு வாங்க இடம் கிடைக்கும். பிற்பாட்டு இல்லாவிட்டால் கர்ணனும் இல்லை, இராவணனும் இல்லை. பின்வரிசையிற் பாடும் பிள்ளையின் பெற்றோர் இதை நினைவில் வைத்தால் நல்லது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக்கொண்டு கூத்துகளை மேடையேற்றினார். 1962இல் கர்ணன் போர், பின்னர் இராவணேசன். விடிய விடிய நடந்த கூத்தை ஒன்றிரண்டு மணித்தியாலத்துள் சுருக்கி, வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். சுருக்கியது சரியா என்று இன்றும் வாதிடுவோர் உளர். எமக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறு. பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளைகள், கிராமத்து அண்ணாவியாரின் முன் நின்று தாளக்கட்டுச் சொல்லி, அடி பிழைத்தால் ஏச்சும் வாங்கிப் படித்தார்கள். பட்டம் பெற்ற நாம் இந்த நாட்டுக்கு வந்து சமையலறையிற் கோப்பை கழுவினோம். எம்மிலும் பள்ளிப்படிப்புக் குறைந்தவர்களிடம் அந்த வேலையைப் பழகவேண்டியிருந்தது. ஒருவரின் முன் மாணவனாக நிற்கத் தெரிந்தவருக்கு அது அவ்வளவு கசக்கவில்லை. மற்றவர்கள் மிகவும் நொந்துபோனார்கள். இதை நாம் கண்ணாற் கண்டோம்.

படிப்புக் கெடும் என்ற பயம் எமக்கு விளங்குகிறது. அகதியாக வந்தவனுக்குப் பிள்ளையின் சான்றிதழ்தான் காணி, வீடு எல்லாம். ஆனால் வாரத்தில் ஒன்றரை மணி நேரம் பிள்ளை வாய்விட்டுத் தமிழ் பேசுவது ஒத்திகையில் மட்டுமே என்றால், அதை நிறுத்துமுன் ஒருதரம் கணக்குப் பார்க்கவேண்டும். அலுவலகங்களில் தகப்பனுக்காக மொழிபெயர்த்து நிற்பதும் அந்தப் பிள்ளைதான். சபைக்கு முன் கூசாமற் பேச அதற்கு வேறெங்கே பழக்கம் வரும்?

அரங்கேற்றச் செலவைப் பற்றியும் ஒரு சொல். மண்டபம், நகை, விருந்து என்று கடன்பட்டுச் செய்வது கலைக்குச் சேராது. அந்தக் கணக்கை வேறொரு இதழிற் பார்ப்போம்.

தோமஸ் பாடகர் குழு பாடசாலைக் காலத்தில் வெள்ளி மாலை 6 மணிக்கும் சனி பிற்பகல் 3 மணிக்கும் பாடுகிறது. வாசலில் நிகழ்ச்சிநிரலை வாங்கினால் உள்ளே போகலாம். சற்று முன்னதாகப் போங்கள். பாக்கின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது. ஒத்திகை தொடங்குமுன் ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாமும் போகவிருக்கிறோம். வர விரும்பும் குடும்பங்கள் பூசை முடிந்ததும் எம்மிடம் பெயரைக் கொடுக்கலாம்.