சருகு உணவாகும் ஏரி

உரைநடை உலகம்

நுழையும்முன்

நீரில் விழுந்த இலை அழுகுகிறது. நனைந்த பருத்தி நூல் இற்றுப்போகிறது. இவ்விரண்டையும் நாம் இழப்பு என்றே எண்ணுகிறோம். மீனவரின் வலையை இற்றுப்போகச் செய்யும் அதே நுண்ணுயிர்ச் செயல்தான் அவ்வலையில் படும் இறாலுக்கும் உணவை ஆக்கித் தருகிறது. பழவேற்காட்டு ஏரியை முன்னிறுத்தி அச்செயலை விளக்குகிறது இப்பாடம்.

ஏரியும் ஊர்களும்

சென்னைக்கு வடக்கே, தமிழ்நாடும் ஆந்திரப்பிரதேசமும் சந்திக்கும் கடற்கரையில் அமைந்துள்ளது பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப்பிரதேசத்தில் உள்ளது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டு வர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புகுகிறது. ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டரே.

இந்த ஆழமற்ற நீர்ப்பரப்பை நம்பியே கரையோர மீனவ ஊர்கள் வாழ்கின்றன. எந்நாளில் எவர் எவ்விடத்தில் சுத்துவலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் வழக்கம் இங்குத் தலைமுறைகளாக நிலவி வருகிறது. வலையும் படகும் இல்லாத இருளர் பெண்கள், ஓலையால் முடைந்த பறியைப் பற்களால் கவ்வியபடி, சேற்றைக் கைகளால் தடவி இறால் பிடிக்கின்றனர். அவர்கள் தடவும் சேறு கருமையானது. அழுகிய முட்டையின் மணம் வீசுவது. இறாலின் வாழ்வு அந்தச் சேற்றோடு பிணைந்துள்ளது.

உண்ண முடியாத உணவு

ஏரியின் ஓரங்களில் வெண்கண்டல் மரங்கள் சிற்சில இடங்களில் காணப்படுகின்றன. உப்புமண்ணில் உமரிச்செடியும் நீரடியில் கடற்புல்லும் வளர்கின்றன. ஆண்டு முழுவதும் இவற்றின் இலைகள் உதிர்ந்து நீரில் சேர்கின்றன. ஆயினும் கண்டல் இலை பசுமையாக இருக்கும்போது அதனை உண்ணும் உயிர்கள் மிகச் சிலவே. இதற்குக் காரணம் இலையின் கட்டமைப்பாகும்.

தாவரச் செல்லின் சுவர் செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்செல்ம் பாயென் இதனை 1838இல் கண்டறிந்தார். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலியே செல்லுலோஸ். சோற்றிலுள்ள மாவுப்பொருளும் குளுக்கோஸால் ஆனதே; ஆனால் இரண்டிலும் பிணைப்பு வேறு. மாவுப்பொருளின் பிணைப்பை அவிழ்க்கும் நொதி நம் உமிழ்நீரிலேயே உள்ளது. செல்லுலோஸின் பிணைப்பை அவிழ்க்கும் நொதி நம் உடலில் இல்லை. ஆகவே சோறு நமக்கு உணவாகிறது, வைக்கோல் உணவாவதில்லை.

செல்லுலோஸ் இழைகளைச் சுற்றி லிக்னின் என்னும் கடினப் பொருள் காவலாக நிற்கிறது. கண்டல் இலைகளில் துவர்ப்பைத் தரும் டானின் என்னும் பொருளும் உண்டு. அது புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. நொதிகளும் புரதங்களே என்பதால், டானின் அவற்றின் வேலையைத் தடுத்துவிடுகிறது.

மூன்று நொதிகளின் கூட்டுழைப்பு

உதிர்ந்த இலை நீரில் ஊறிய முதற் சில நாள்களில், கரையக்கூடிய சர்க்கரைகளும் டானினும் வெளியேறுகின்றன. காவல் தளர்ந்தபின் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் இலையின்மேல் குடியேறுகின்றன. பேசில்லஸ், சைட்டோபேகா முதலிய பாக்டீரியப் பேரினங்களில் செல்லுலோஸைச் சிதைக்க வல்லவை உள்ளன. பாக்டீரியாவுக்கு வாயில்லை, இலையை விழுங்க அதனால் இயலாது. எனவே அது நொதிகளைத் தன் உடலுக்கு வெளியே சுரந்து, உணவை அங்கேயே செரித்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது.

இந்நொதித் தொகுதிக்குச் செல்லுலேஸ் என்று பெயர். அதன் செயலை நீண்ட கயிறொன்றைப் பிரிப்பதோடு ஒப்பிடலாம். முதல் நொதி கயிற்றை நடுநடுவே அறுத்துப் பல முனைகளை உண்டாக்குகிறது. இரண்டாவது நொதி, அம்முனைகளிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோஸ் அலகுகளாகக் கழற்றுகிறது. மூன்றாவது நொதி அவ்விணைகளைத் தனித்தனிக் குளுக்கோஸாகப் பிரிக்கிறது. முதல் நொதி அறுக்காவிடில் இரண்டாவதற்கு முனைகள் குறைவு. மூன்றாவது பிரிக்காவிடில் இணைகள் தேங்கி, முந்தைய நொதிகளின் வேகம் குறைந்துவிடும்.

சேற்றின் அடியில் ஆக்சிஜன் இல்லை. அங்கும் சிதைவு நிற்பதில்லை. கடல்நீரில் உள்ள சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் அங்கு இயங்குகின்றன. அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடே அழுகிய முட்டை மணத்துக்குக் காரணம்.

வாழையிலையும் சோறும்

மட்கும் இலையில் வியப்பானதொரு மாற்றம் நிகழ்கிறது. நாள்கள் செல்லச் செல்ல இலையின் எடை குறைகிறது. ஆனால் எஞ்சியிருக்கும் துகளில் நைட்ரஜனின் விகிதம் கூடுகிறது. நுண்ணுயிர்கள் நீரிலுள்ள நைட்ரஜன் சேர்மங்களை ஈர்த்துத் தம் உடற்புரதமாக மாற்றிக்கொள்வதே இதற்குக் காரணம். சத்துக் குறைந்த சருகு, புரதம் செறிந்த துகளாகிறது. இங்கு இலைத்துகள் வாழையிலை போன்றது. அதன்மேல் படர்ந்த நுண்ணுயிர்ப் படலமே பரிமாறப்பட்ட சோறு.

அமெரிக்காவின் புளோரிடாக் கழிமுகத்தில் ஆய்வு செய்த வில்லியம் ஓடம், எரிக் ஹீல்டு ஆகியோர், கண்டல் இலையின் மட்குத்துகளே அங்குள்ள உணவு வலைக்கு அடிப்படை என்பதை 1970களில் எடுத்துக்காட்டினர். தமிழ்நாட்டில், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் ஆய்வாளர்களும் இத்துறையில் உழைத்துள்ளனர். கண்டல் இலைகளை நைலான் பைகளில் இட்டு நீரில் அமிழ்த்தி, இலையின் வேதி மாற்றங்களையும் நுண்ணுயிர்ப் பெருக்கத்தையும் அவர்கள் ஆராய்ந்தனர். மட்கும் இலைகளை நாடி இளம் இறால்கள் வருவதையும் பதிவு செய்தனர்.

பழவேற்காட்டின் வெள்ளை இறால் கடலில் பிறந்து, இளம் பருவத்தில் முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் வந்து, வளர்ந்தபின் கடலுக்குத் திரும்புகிறது. வளரும் பருவத்தில் மட்குத்துகளும் அதனைச் சார்ந்த நுண்ணுயிர்களும் சிற்றுயிர்களும் அதன் உணவில் இடம்பெறுகின்றன. மடவை மீன் சேற்றின் மேற்படிவத்தையே மேய்கிறது. பறியில் விழும் ஒவ்வோர் இறாலிலும் என்றோ உதிர்ந்த இலையின் பங்கு இருக்கக்கூடும்.

வலையும் அதே நுண்ணுயிரும்

பருத்தி நூல் ஏறத்தாழ முழுவதும் செல்லுலோஸே. இலையைச் சிதைக்கும் நுண்ணுயிருக்கு நீரில் கிடக்கும் பருத்தி வலையும் இரையாகும். பருத்தி வலைகள் வழக்கிலிருந்த காலத்தில் தமிழகக் கடற்கரை மீனவர் இதனை எதிர்கொள்ள ஒரு வழி கண்டிருந்தனர். பனிச்சங்காய்ச் சாற்றிலும் மரப்பட்டைக் கொதிநீரிலும் வலையைத் தோய்த்து, வெயிலில் உலர்த்தினர். இவற்றின் துவர்ப்புக்குக் காரணம் டானின். கண்டல் மரம் தன் இலையைக் காக்கப் பயன்படுத்தும் அதே பொருளால் மீனவர் தம் வலையைக் காத்தனர். நொதி என்னும் சொல்லை அறியாமலே நொதியைத் தடுத்த பட்டறிவு அது.

தெரிந்து தெளிவோம்

இரண்டாம் உலகப்போரின்போது பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களும் உடைகளும் விரைந்து இற்றுப்போயின. காரணத்தை ஆராய்ந்த அறிவியலாளர்களுள் எல்வின் ரீஸ் குறிப்பிடத்தக்கவர். சாலமன் தீவுகளில் மட்கிய பருத்திப் பொருளிலிருந்து கிடைத்த ஒரு பூஞ்சை, செல்லுலேஸை மிகுதியாகச் சுரப்பது தெரியவந்தது. பின்னாளில் அவர் நினைவாக அது டிரைக்கோடெர்மா ரீசி எனப் பெயர்பெற்றது. தடுப்பதற்காகத் தொடங்கிய ஆய்வு, பயன்படுத்துவதற்கான அறிவாக முடிந்தது. திருப்பூரில் பின்னலாடைகளின் மேற்பரப்பை மென்மையாக்கவும், 2022இல் ஹரியானாவின் பானிப்பட்டில் திறக்கப்பட்ட ஆலையில் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கவும் இத்தகைய நொதிகள் உதவுகின்றன.

மட்காத வலை

கொச்சியில் 1957இல் தொடங்கப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற அமைப்புகளின் முயற்சியால் நைலான் வலைகள் பரவின. மீனவரின் உழைப்பும் செலவும் குறைந்தன. வலையின் ஆயுள் கூடியது. இந்நன்மையை மறுக்க இயலாது. ஆனால் நைலானை எளிதில் சிதைக்கும் நொதி ஏரியின் நுண்ணுயிர்களிடம் இல்லை. அறுந்துபோய் நீரில் கைவிடப்பட்ட நைலான் வலை பல்லாண்டுகள் மட்காமல் கிடந்து, மீனையும் நண்டையும் சிக்கவைத்துக் கொல்கிறது. மட்குவது ஒரு காலத்தில் வலையின் குறையாக இருந்தது. இன்று மட்காமையே ஏரியின் குறையாகிவிட்டது.

மற்றொரு கவலையும் உண்டு. முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அடைபடும்போது கடல்நீரின் வரத்துக் குறைகிறது. கோடையில் ஏரியின் உப்புத்தன்மை கடலினும் மிகுகிறது. இளம் இறால் உள்ளே வரும் வழி அடைபடுகிறது. கரையோரக் கண்டலும் கடற்புல்லும் குறைந்தால் மட்குவதற்கு இலையும் குறையும். முகத்துவாரம் திறந்திருக்கவேண்டும் என்ற மீனவ ஊர்களின் நெடுநாள் கோரிக்கை, உணவுச் சங்கிலி அறுபடாமல் காக்கும் கோரிக்கையுமாகும். கண்டல் நடுவதும், கிழிந்த வலைகளை நீரில் விடாது கரைசேர்ப்பதும் அதனோடு சேர்ந்து செய்யத்தக்க பணிகள்.

சருகு, சேறு, அழுகல் ஆகிய சொற்களை நாம் இகழ்ச்சியோடு சொல்லிப் பழகியிருக்கிறோம். பழவேற்காட்டில் அவையே இறாலாகவும் மடவையாகவும் மாறி ஊருக்கு உணவாகின்றன. கண்ணுக்குத் தெரியாத அவ்வுயிர்களின் வேலைக்கு இடையூறு செய்யாதிருப்பது நம் கடமை.

கற்பவை கற்றபின்

1. ஒரே அளவுள்ள பருத்தித் துணி, நைலான் துண்டு, காய்ந்த இலை ஆகியவற்றை ஈரமண்ணில் புதைத்து, வாரந்தோறும் காணும் மாற்றங்களை அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் பகுதி முதியோரிடம், நூலையும் கயிற்றையும் மரத்தையும் மட்காமல் காக்க அக்காலத்தில் கையாண்ட முறைகளைக் கேட்டுத் தொகுக்க.

குறுவினா

1. வைக்கோல் மனிதருக்கு உணவாகாதது ஏன்?
2. 'பாடு' முறை – குறிப்பு வரைக.

சிறுவினா

1. செல்லுலேஸ் நொதித் தொகுதியின் செயலைக் கயிற்று உவமைவழி விளக்குக.
2. மட்கும் இலையில் நைட்ரஜனின் விகிதம் கூடுவதன் காரணத்தையும் பயனையும் எழுதுக.

நெடுவினா

'மட்குதல் ஏரியின் இழப்பு அன்று. அதன் வளம்' – பழவேற்காட்டு மீனவர் வாழ்வோடு இணைத்துக் கட்டுரை வரைக.