மின்னோட்டம் பூஜ்யம், ஆனால் எலக்ட்ரான் ஓய்ந்திருக்கவில்லை

குவாண்டம் புள்ளி என்றதும் பலருக்கும் தொலைக்காட்சித் திரைதான் நினைவுக்கு வருகிறது. 2023-இல் பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவரும் வேதியியல் நோபல் பெற்ற பிறகு அந்த எண்ணம் இன்னும் வலுத்துவிட்டது. அவை நிறம் காட்டும் நானோ படிகங்கள். நான் இங்கே எடுத்துக்கொள்வது வேறு வகை. கேலியம் ஆர்சனைடு அல்லது சிலிக்கான் சில்லின் மேல் உலோகக் கேட்களைப் பதித்து, அவற்றுக்கு மின்னழுத்தம் கொடுத்து, 100 நானோமீட்டர் அளவிலான இடத்துக்குள் எலக்ட்ரான்களை அடைத்துவைக்கும் புள்ளிகள் இவை. இரண்டை அருகருகே அமைத்து, எலக்ட்ரான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு டனலிங் மூலம், அதாவது இடையிலுள்ள ஆற்றல் தடையை ஊடுருவி, கடக்க வழிவிட்டால் அது இணைந்த இரட்டைப் புள்ளி.

நம்பிக்கை: இது தொடரிணைப்பில் உள்ள இரண்டு மின்தடைகளைப் போன்றது.

உண்மை: ஓம் விதி இங்கே செல்லாது. ஒரு புள்ளிக்குள் புதிதாக ஓர் எலக்ட்ரான் நுழைய வேண்டுமானால், உள்ளே இருப்பவற்றின் விலக்கலை மீற ஆற்றல் வேண்டும். மின்தேக்குத்திறன் 100 அட்டோஃபாரட் என்றால் அது சுமார் 1.6 மில்லி எலக்ட்ரான்வோல்ட். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலோ 25 மில்லி எலக்ட்ரான்வோல்ட். சோதனைகளை மில்லிகெல்வின் குளிரில் செய்வது இதனால்தான். மின்தடைக்குத் திசை கிடையாது. இரட்டைப் புள்ளிக்கு உண்டு. 2002-இல் ஜப்பானில் தருச்சா குழுவினர், மின்னோட்டம் ஒரு திசையில் பாய்வதையும் எதிர்த்திசையில் அடைபடுவதையும் காட்டினார்கள். ஒரே ஸ்பின் கொண்ட இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் அமர பௌலி தவிர்ப்புத் தத்துவம் இடம்தராததே இந்த அடைப்புக்குக் காரணம்.

நம்பிக்கை: மின்னோட்டம் பூஜ்யம் என்றால் உள்ளே எதுவும் அசையவில்லை.

உண்மை: மாணவர்கள் மனத்தில் மிக ஆழமாக வேரூன்றிய தவறு இதுதான். இரு கேட்களின் மின்னழுத்தங்களை இரு அச்சுகளாக வைத்து வரைந்தால், எந்தப் புள்ளியில் எத்தனை எலக்ட்ரான் என்பதைக் காட்டும் தேன்கூட்டு அறுகோணங்கள் கிடைக்கும். இணைப்பு பலவீனமாக இருந்தால், மின்னோட்டம் பெரும்பாலும் அறுகோணங்களின் மூலைகளில்தான் தெரியும். ஆனால் இரண்டு மூலைகளை இணைக்கும் குட்டையான பக்கத்தைக் கடக்கும்போது ஓர் எலக்ட்ரான் இடப் புள்ளியை விட்டு வலப் புள்ளிக்குப் போய்விடுகிறது. வெளிச்சுற்றில் நேர்மின்னோட்டம் ஏதும் இல்லை. அம்மீட்டர் அதை அறியாது. பக்கத்தில் அமைத்த குறுகிய மின்பாதை ஒன்று, அதாவது குவாண்டம் புள்ளித்தொடர்பு, அறியும். ஒரே ஓர் எலக்ட்ரானின் இடமாற்றம்கூட அதன் கடத்துதிறனை மாற்றிவிடுகிறது. கேம்பிரிட்ஜில் 1993-இலேயே இப்படி அளந்தார்கள்.

இன்னொரு வழி, கேட்டில் உயர் அதிர்வெண் அலையைச் செலுத்துவது. இரு புள்ளிகளின் ஆற்றல் மட்டங்களும் சமமாகும் இடத்தில் எலக்ட்ரான் அந்த அலைக்கு ஈடுகொடுத்து இங்கும் அங்கும் நகரும். கருவிக்கு அது கூடுதல் மின்தேக்குத்திறனாகத் தெரியும். மின்தேக்கித் தகட்டின் பரப்பிலிருந்து வருவதல்ல அது. இரு புள்ளிகளிலும் பரவிய குவாண்டம் நிலை எவ்வளவு வளைந்துகொடுக்கிறது என்பதன் அளவு. இந்தத் துறையின் அழகே இதில்தான் இருக்கிறது என்பேன்.

நம்பிக்கை: எலக்ட்ரான் புள்ளிக்குள் நுழையும் வாசல் குறுகினால் மின்தடை கூடும்.

உண்மை: நேர்மின்னோட்டத்துக்குச் சரி. மாறுமின்னோட்டத்தில், ஒரே ஸ்பின் கொண்ட ஒற்றை வழியால் இணைந்த ஒரு புள்ளிக்கு, குவாண்டம் ஒத்திசைவு குலையாதவரை, மின்னூட்டம் தளரும் மின்தடை எப்போதும் சுமார் 12.9 கிலோஓம். வாசலின் அகலம் அதை மாற்றாது. பியூட்டிக்கரும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் கணித்த இதை, 2006-இல் பாரிஸில் சோதனை உறுதிசெய்தது.

இத்துறைக்குள் வரும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இரட்டைப் புள்ளி பற்றிய கட்டுரையில் மின்னோட்ட வரைபடத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், மின்னூட்ட வரைபடத்தையும் தேடிப் பாருங்கள். ஹார்வர்டில் 2005-இல் இரண்டு எலக்ட்ரான்களின் ஸ்பின்களைக் கட்டுப்படுத்திக் காட்டியபோது, விடையைப் படித்ததும் குவாண்டம் புள்ளித்தொடர்பு என்ற மின்னூட்ட உணரிதான்.